எல்லையோரத்தில் சுயாதீனப் படம்: குழு சேர்க்கும்போதே நடக்கும் தவறுகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கம் சின்ன பட்ஜெட்டில் படம் எடுக்க வரும் குழுக்களில் இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் மட்டுமே ஆரம்பத்திலிருந்து இருக்கிறார்கள். ஒலிப்பதிவாளரைக் கடைசி வாரத்தில் தேடுகிறார்கள், எடிட்டரை எல்லாம் எடுத்து முடித்த பிறகு. பாதித் தவறுகள் இங்கேதான் முளைக்கின்றன.

லொகேஷன் பார்க்கப் போகும்போதே ஒலிப்பதிவாளர் கூட வரவேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க்குள் தென்மேற்குப் பருவக்காற்று நுழைந்துவிட்டால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அடித்துக்கொண்டே இருக்கும். கரும்பனை வரிசை பிரேமில் அழகாக நிற்கும். ஓலைச் சலசலப்போ வசனத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். நீளக் கம்பு நுனியில் பிடிக்கும் பூம் மைக்குக்கு வெறும் பஞ்சு உறை போதாது. காற்று நேராக மைக்கில் மோதி எழும் கனத்த உறுமலைப் பிறகு வடிகட்டினால் பேசுபவரின் குரலும் மெலிந்துபோகும். மைக்கைச் சுற்றிக் காற்றுத் தடுப்புக் கூண்டு, அதன்மேல் ரோம உறை இரண்டும் வேண்டும். வெளிப்புற வசனக் காட்சிகளைக் காற்று தணிந்த நேரத்துக்குத் தள்ளுங்கள். ஒவ்வொரு இடத்திலும் யாரும் அசையாமல் நின்று, அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். அது இல்லாவிட்டால் எடிட்டிங்கில் ஒவ்வொரு வெட்டும் காதில் விழும்.

“டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம்” என்று விடுவது இந்த ஊரில் பெரிய இழப்பு. வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீஸில் மலையாளம் என்று ஒரே ஆள் மாறிமாறிப் பேசும் மண் இது. எந்த வாக்கியத்தில், யாரைப் பார்த்ததும் மொழி மாறுகிறது என்பதிலேயே பாத்திரம் தெரிந்துவிடும். வெளியூர்க் குரல் அதைத் தட்டையாக்கிவிடும். வசனத்தை உள்ளூர்க்காரர் ஒருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுக்குகிற இடத்தில் திருத்துங்கள்.

எடிட்டர் முன்பே இருந்தால், ஒரு கேமரா நொடிக்கு 24 பிரேமிலும் இன்னொன்று 25 பிரேமிலும் ஓடுவதைத் தடுத்துவிடுவார். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 24 பிரேமில் எடுக்கும்போது ஷட்டரை, அதாவது ஒவ்வொரு பிரேமுக்கும் வெளிச்சம் விழும் நேரத்தை, 1/50 நொடியில் வையுங்கள்; கேமராவில் கோணமாகக் காட்டினால் அது 172.8 டிகிரி. வழக்கமான 180 டிகிரியில் விட்டால் டியூப்லைட் எரியும் டீக்கடைக் காட்சி மினுமினுக்கலாம். மெமரி கார்டை இரண்டு டிஸ்க்கில் நகலெடுத்து, இரண்டையும் திறந்து பார்த்த பிறகே கார்டில் உள்ளதை அழிக்கவேண்டும்.

நண்பர்களாகச் சேர்ந்த குழு எழுத்தில் ஒன்றும் வைத்துக்கொள்வதில்லை. இதுதான் படத்தையே முடக்கிவிடும் தவறு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி உரிமையை எழுத்தில், கையெழுத்தோடுதான் மாற்றித்தர முடியும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றே கொள்ளப்படும். வேறு விதமாக எழுதவில்லையென்றால், வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாதபோது அது காலாவதியாகிவிடும். நம் படங்கள் முடிய இரண்டு மூன்று வருடம் ஆகின்றன என்பதை மறக்கவேண்டாம். கதை, திரைக்கதை, பாடல், இசை நான்குக்கும் படப்பிடிப்புக்கு முன்பே ஒப்பந்தத் தாள் தயாராக இருக்கட்டும்.

அனுமதி விஷயத்தில் இரண்டைச் சொல்லவேண்டும். பரம்பிக்குளம் புலிகள் காப்பகம் கேரளத்தில் இருக்கிறது, ஆனால் சாலை தமிழ்நாட்டின் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான் போகிறது. இரு மாநில வனத்துறையிடமும் பேசாமல் தேதி குறிக்காதீர்கள். இன்னொன்று, ஆடு மாடுகளை நடிக்கவைக்கும் காட்சி இருந்தால் இந்திய விலங்குகள் நல வாரியத்திடம் முன்னதாகவே விண்ணப்பிக்க வேண்டும். தணிக்கையின்போது அந்தச் சான்றைக் கேட்பார்கள்; எடுத்து முடித்துவிட்டு ஓடினால் அந்தக் காட்சியையே வெட்டவேண்டி வரலாம்.