லீவு முடிந்து கல்ஃப் திரும்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் லீவுக்கு வருகிறவனிடம் ஊர் முதலில் "எப்பம் வந்த?" என்று கேட்கும். அடுத்த மூச்சிலேயே "எப்பம் போற?" வந்துவிடும். போகிற தேதி ஊருக்கே தெரிந்திருக்கும். ஆனாலும் அதற்கு நாம் தயாராவது கடைசி ராத்திரியில்தான். பன்னிரண்டு வருடமாகப் போய் வருகிற நான் கண்ட தவறுகளில் பெரும்பாலானவை அந்த அவசரத்தில் நடந்தவை.

முதலாவது, பிறர் தரும் பொதி. பெட்டி கட்டும்போது பக்கத்து வீட்டு மாமி ஒரு கவரை நீட்டுவார். "மோனுக்கு முதுகுவலி மாத்திரை, கொஞ்சம் பலகாரம்." மறுக்க வாய் வராது. ஆனால் டிராமடால் என்ற வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்க மாத்திரை இவையெல்லாம் வளைகுடா நாடுகளில் கட்டுப்பாட்டில் உள்ளவை. நம் ஊர் மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைத்தது என்பது அங்கே சாக்காகாது. நாம் குருமாவுக்கு அரைக்கும் கசகசாவும் ஐக்கிய அரபு அமீரகம், சவூதி போன்ற நாடுகளில் போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது. பெட்டியைத் திறந்து பார்ப்பவர்களுக்கு அது யார் கொடுத்தது என்பது கணக்கில்லை. பெட்டி யாருடையதோ அவன்தான் பதில் சொல்ல வேண்டும். கொடுக்கிறவர் கண் முன்னாலேயே பொதியைப் பிரித்து, ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்குங்கள். மாத்திரை என்றால் டாக்டர் சீட்டு வேண்டும். கட்டுப்பாட்டில் உள்ள மருந்தென்றால் அந்த நாட்டுச் சுகாதார அமைச்சகத்தின் முன் அனுமதியும் வேண்டும். மாமிக்கு வருத்தம் வரலாம், அதைத் தாங்கிக்கொள்ளலாம். கொப்பரையும் வேண்டாம், எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கும் பொருள் என்று நிறுத்திவிடுவார்கள். பவர் பேங்கைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் போடக் கூடாது.

அடுத்தது ஆறு மாதக் கணக்கு. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, தங்கச்சி கல்யாணம் என்று லீவு நீண்டுபோகும். அமீரகத்தில் சாதாரண வேலை விசாவில் இருப்பவர் 180 நாளுக்கு மேல் வெளியே இருந்தால் அந்த விசா செல்லாமல் போய்விடும். சவூதியில் வேலை செய்பவர் எக்சிட் ரீ-என்ட்ரி (ஊர் போய்த் திரும்பும் அனுமதி) தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். நீட்டிக்க வேண்டுமானால் அந்தத் தேதிக்கு முன்பே கம்பெனியிடம் பேசுங்கள். பாஸ்போர்ட்டிலும் குறைந்தது ஆறு மாதம் பாக்கி இருக்கிறதா என்று வந்த வாரமே பாருங்கள்.

நிலம், வீடு சம்பந்தமாகக் கையெழுத்து போட வேண்டியது இருந்தால் ஊரில் இருக்கும்போதே, நமக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பவர் பத்திரம் எழுதிப் பதிந்துவிடுங்கள். அங்கிருந்து அனுப்புவதென்றால் இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்க வேண்டும். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வையும் கட்ட வேண்டும். வீணான அலைச்சல்.

எல்லைக்காரர்களுக்கென்றே ஒரு குழப்பம் உண்டு. எல்லைக்கு அப்பால் பாறசாலையில் இருக்கும் சொந்தக்காரர், கேரள அரசு வெளிநாடுவாழ் கேரளத்தவருக்குத் தரும் நோர்க்கா அட்டை வைத்திருப்பார், நமக்கும் அது கிடைக்கும் என்று நினைப்போம். கிடைக்காது. 1956 நவம்பர் 1 முதல் நம் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நமக்கு இருப்பது தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நல வாரியம். லீவில் இருக்கும்போதே உறுப்பினராகப் பதிந்துகொள்ளுங்கள்.

விமானம் மட்டும் நமக்குத் திருவனந்தபுரத்தில்தான். மார்த்தாண்டத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தானே என்று தாமதமாகக் கிளம்பினால் பாலராமபுரம் நெரிசலில் மாட்டிக்கொள்வீர்கள். உள்நாட்டு முனையம் சங்குமுகம் பக்கம், வெளிநாட்டு முனையம் சாக்கை பக்கம். நடுவில் ஓடுபாதை கிடப்பதால் மாறிப் போனால் வெளியே சுற்றித்தான் வர வேண்டும். பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு ஊர்வலம் அந்த ஓடுபாதை வழியாகத்தான் கடலுக்குப் போகும். அன்று சாயங்காலம் சில மணி நேரம் விமானப் போக்குவரத்து நிற்கும் என்பதால் டிக்கெட் நேரம் மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனி, ஆடி மழையில் நனைந்துவிட்டு நேரே அங்குள்ள வெயிலில் இறங்குவதும் ஆபத்து. உடம்பு அந்தச் சூட்டுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். வெளிவேலை செய்பவர் முதல் சில நாள் மேற்பார்வையாளரிடம் சொல்லி வேலையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடியுங்கள். ஊரிலிருந்து வந்த மறுநாளே டூட்டிக்குப் போவதைவிட ஒரு நாள் முன்னால் போய்ச் சேருவது நல்லது.

இதையெல்லாம்விட எனக்கு வலிக்கிற தவறு ஒன்று உண்டு. பிள்ளை தூங்கும்போது சொல்லாமல் கிளம்புவது. அழுவானே என்றுதான் அப்படிச் செய்கிறோம். நானும் ஒரு முறை விடியற்காலை மூன்று மணிக்கு அப்படிப் போனேன். அதற்குப் பிறகு பல நாள் என் மகன் ராத்திரி எழுந்து அம்மா பக்கத்தில் இருக்கிறாளா என்று தடவிப் பார்த்தானாம். அடுத்த லீவில் பத்து நாள் முன்பே அவனை மடியில் வைத்து, "மக்ளே, இன்ன நாள் அப்பா போவேன்" என்று காலண்டரில் காட்டினேன். போகிற அன்று அழுதான், நானும் அழுதேன். ஆனால் வாசல்வரை வந்து கையசைத்தான்.

கடைசி இரண்டு நாளை உறவு வீட்டு விருந்துகளுக்குக் கொடுக்காமல் வீட்டுக்கென்று ஒதுக்குங்கள். போன் பேசும் நேரத்தையும் போகும் முன்பே பேசி வைத்துவிடுங்கள். அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு போகாது. அதற்குப் பதிலாக அங்கே அனுமதியுள்ள போட்டிம் செயலியை வீட்டு போனில் ஏற்றி, ஒரு தடவை பேசிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நம் ஊரில் ராத்திரி எட்டரை என்றால் துபாயில் ஏழு. எங்கள் வீட்டில் அந்த எட்டரைக்குத்தான் இப்போது சாப்பாடு பரிமாறுகிறார்கள்.