செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க வந்தவன் கண்ணால் பார்ப்பது எப்படி

முப்பது வருடமாகக் கொத்தனார் வேலை பார்க்கிறேன். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் வழியில் செஞ்சி மலைகளைப் பஸ் ஜன்னலில் பார்த்துப் பார்த்தே பாதி வயசு போய்விட்டது. ஏறிப் பார்த்தது நாற்பதைத் தாண்டிய பிறகுதான். அதுவும் முதல் தடவை சித்திரை மாசம், காலை பதினோரு மணிக்கு, ரப்பர் செருப்போடு, ஒரே ஒரு பாட்டில் தண்ணீரோடு. பாதி வழியில் அந்தப் பாட்டிலையும் குரங்கு பிடுங்கிக்கொண்டது. இறங்கிவிட்டேன். செஞ்சியிடம் தோற்றவர்கள் கணக்கில் என்னையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அதனால் நீங்கள் மார்கழி, தை மாசத்தில் போங்கள். திறந்தவுடன் டிக்கெட் எடுத்து ராஜகிரி மலையை முதலில் ஏறிவிடுங்கள். ரொம்பத் தாமதமாகப் போனால் மேலே விடமாட்டார்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஜிப் போட்ட முதுகுப் பைக்குள். கையில் கேரி பை இருந்தால் அது உங்களுடையது இல்லை, குரங்குடையது.

ஏறுவதற்கு முன் கீழேயே பத்து நிமிஷம் நின்று சுற்றிப் பாருங்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்று மூன்று மலை. மூன்றையும் முக்கோணமாகச் சேர்த்து ஓடும் மதில் சுமார் 13 கிலோமீட்டர். இப்போது நீங்கள்தான் பிடிக்க வந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சுற்றி வளைக்க எத்தனை ஆள் வேண்டும்? அத்தனை பேருக்கும் சோறு எங்கிருந்து வரும்?

1690-ல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கானை உதைத்த கணக்கு இதுதான். உள்ளே இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். முழுசாக வளைக்க முடியாததால் கோட்டைக்குள் தானியம் போய்க்கொண்டே இருந்தது. வெளியே மராட்டியத் தளபதிகள் சாந்தாஜி, தனாஜி இரண்டு பேரின் குதிரைப்படையும் வந்து முகலாயருக்கு வரும் தானியத்தை மறித்தது. முற்றுகை போட்டவன் பட்டினி! 1693 தொடக்கத்தில் சுல்பிகார் கான் வந்தவாசிக்குப் பின்வாங்கினார். திரும்பி வந்து 1698-ல் பிடித்தபோது ராஜாராம் ஏற்கெனவே நழுவியிருந்தார். எட்டு வருஷ வேலை.

மதிலுக்குப் பக்கத்தில் போனால் உயரத்தை விடுங்கள், பாறையைப் பாருங்கள். பெரிய உருண்டைப் பாறை குறுக்கே வந்தால் அதை உடைக்கவில்லை. சுவர் அதில் போய் முட்டி நிற்கிறது, அந்தப் பக்கம் மறுபடி தொடங்குகிறது. மலை போட்டுக்கொடுத்த சுவரை அப்படியே வைத்துக்கொண்டு இடைவெளியை மட்டும் அடைத்திருக்கிறார்கள். சில பாறை ஓரங்களில் வரிசையாகச் சின்னக் குழிகள் தெரியும். ஆப்பு இறக்கிக் கல்லைப் பிளந்த இடம். விரலை விட்டுப் பாருங்கள். நான் சின்ன வயசில் கல் குவாரியில் சித்தாளாக இருந்தபோது போட்ட குழியும் இதே மாதிரிதான் இருக்கும்.

வாசல்களில் நேராக நடந்துபோக முடியாது. திரும்பித் திரும்பித்தான் நுழைய வேண்டும். யானையை ஓடவிட்டுக் கதவில் முட்ட வைக்க இடமே இல்லை. ஆனால் வெடிமருந்துக்கு ஓட்டம் தேவையில்லையே. 1750-ல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் ஆட்கள் வாசலை வெடிவைத்துத் தகர்த்து, விடிவதற்குள் மலைகளைப் பிடித்துவிட்டார்கள். எட்டு வருஷம் நின்ற கோட்டை ஒரே ராத்திரியில் போனது.

கீழே எல்லோரும் கல்யாண மஹால் என்ற பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் முன்னால் போட்டோவுக்கு நிற்பார்கள். அழகுதான், ஐந்து நிமிஷம் போதும். நீங்கள் நேராகக் களஞ்சியத்துக்குப் போங்கள். உள்ளே நின்று சுவரின் கனத்தைக் கையால் அளந்து பாருங்கள், அண்ணாந்து வளைவுக் கூரையைப் பாருங்கள். உத்தரமும் இல்லை, கம்பியும் இல்லை. பிறகு ஆனைக்குளம், செட்டிக்குளம், சக்கரக்குளம். மலை உச்சியிலும் சுனை உண்டு. எங்கள் மேஸ்திரி புது மனைக்குப் போனால் முதலில் கேட்பது "தண்ணி எங்க இருக்கு?" என்றுதான். இங்கே கட்டியவனும் அதைத்தான் கேட்டிருக்கிறான்.

ராஜகிரி ஏறும்போது கமலக்கண்ணி அம்மன் கோயிலில் உட்கார்ந்து இளைப்பாறுங்கள். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பாலம் வரும். அவசரமாகக் கடந்துவிடாமல் கீழே எட்டிப் பாருங்கள். இயற்கையாக இருந்த பாறைப் பிளவு அது. அதை இன்னும் வெட்டி நீட்டி, சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம் ஆக்கியிருக்கிறார்கள். கருங்கல்லில் உளியும் சுத்தியும் வைத்து! ஒரு நாளைக்கு எத்தனை அங்குலம் இறங்கியிருக்கும் என்று எண்ணிப் பார்த்து நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி இந்தப் பக்கம், அரங்கநாதர் கோயிலும் உச்சிக் களஞ்சியமும் அந்தப் பக்கம்.

செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜாவைப் பற்றிக் கேட்பீர்கள். என் அப்பா கூத்தில் அந்தக் கதை பார்த்துவிட்டு வந்து சாப்பிடாமல் படுப்பார். எனக்கு அந்த ராஜா மேல் கொஞ்சம் கோபம்தான். இவ்வளவு வேலை செய்து வைத்த மலை பின்னால் இருக்க, 1714-ல் ஆற்காடு நவாபை எதிர்க்கக் குதிரை ஏறி வெளியே போய்ச் செத்தார்.

இறங்கும்போது முட்டி பிடிக்கும், பக்கவாட்டில் காலை வைத்து இறங்குங்கள். மழை பெய்திருந்தால் ஏறவே வேண்டாம். கிருஷ்ணகிரி ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஏற்றம் குறைவு. ஒரே நாளில் இரண்டும் ஏறலாம் என்று மச்சான் சொன்னார். மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை.