பெண்கள் கழிப்பறைக்குச் சரிபாதி இடம் போதாது

பொதுக் கழிப்பறை வரைபடத்தில் முதல் கோணல், நடுவே ஒரு சுவரை எழுப்பி ஆளுக்குப் பாதி என்று பிரிப்பது. பார்வைக்கு நியாயம்தான். கணக்குப் போட்டால் இடிக்கும். 20 அடிச் சுவரில் 2 அடிக்கு ஒன்றாக ஆண்களுக்கு 10 சிறுநீர்ப் பீங்கான்கள் வைக்கலாம். பெண்களுக்குக் கதவுள்ள அறைதான்; 3 அடிக்கு ஒன்று என்றாலும் 6-க்கு மேல் போகாது. சேலை, கைக்குழந்தை, மாதவிலக்கு என்று உள்ளே ஆகும் நேரமும் கூடுதல். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் வரிசை எந்தப் பக்கம் நீள்கிறது என்று பாருங்கள். ஆண்கள் பக்கம் பீங்கானும் அறையும் சேர்த்து எத்தனையோ, பெண்கள் பக்கம் அத்தனை அறைகளாவது வேண்டும். கூட்டம் கூடும் இடமென்றால் இரு மடங்கு.

கட்டணமும் இந்த வரைபடத்தில்தான் தொடங்குகிறது. பீங்கான் இலவசம், அறைக்குக் காசு என்று வைத்தால், பெண்கள் மட்டும் சிறுநீருக்கும் காசு கொடுப்பார்கள்.

மறைவு வேண்டுமென்று பெண்கள் வாசலைப் பின்பக்கம் கொண்டுபோய் வைக்காதீர்கள். மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையம் மாதிரி விடிய விடிய பஸ் ஓடும் இடத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத அந்தச் சந்துக்குள் இரவில் யார் போவார்கள்? வாசல் பஸ் நிற்கும் பக்கம் பார்க்கட்டும். உள்ளே தெரியாமலிருக்க ஒரு குறுக்குச் சுவர் போதும். அதன் பின்னாலும் விளக்கு வேண்டும்.

பை மாட்டக் கொக்கி, மூடியுள்ள குப்பைத்தொட்டி, உள்தாழ்ப்பாள்: எஸ்டிமேட்டில் விட்டுப்போனால் பிறகு வரவே வராது. வாசலில் அரை அடி உயரம் என்றால் சாய்தளம் 6 அடி நீளம், அதாவது 1:12.

கிராமங்களில் இடம் தேர்வதில்தான் சாதி நுழைகிறது. வரைபடத்தில், தலித் மக்கள் வாழும் காலனிக்கு 200 மீட்டர்; நடந்து போனால் ஊர்த்தெரு வழியாகத்தான் போக வேண்டும் என்றால் அந்தக் கட்டடம் காலனிக்கு இல்லை. மதுரை மாவட்டம் எழுமலை பக்கம் உத்தப்புரத்தில், தலித் மக்களைப் பிரித்து 1989-இல் எழுப்பிய சுவரில் ஒரு பகுதி 2008-இல்தான் இடிக்கப்பட்டது. சுவரே இல்லாத ஊரிலும் வழி மறிக்கப்படலாம். காலனிப் பெண்களோடு நடந்து பார்த்துவிட்டு இடத்தைக் குறியுங்கள்.

எல்லாவற்றிலும் மோசமான தவறு மண்ணுக்கடியில் இருக்கிறது. இடம் மிச்சம் என்று செப்டிக் டேங்கை அறைக்குக் கீழே கட்டி, மூடியை உள்ளே வைக்கிறார்கள். நிறைந்தால் லாரிக் குழாய் எட்டாது; வாளியோடு ஒரு மனிதரை இறக்குவார்கள், எந்தச் சாதியிலிருந்து என்று சொல்ல வேண்டியதில்லை. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதை 2013 சட்டம் தடுத்தும் விஷவாயுச் சாவுகள் நிற்கவில்லை. மூடியைத் திறந்தவெளியில் வையுங்கள். அஸ்திவாரம் தோண்டும் முன்பே, கழிவுநீர் லாரி அதன் பக்கத்தில் வந்து திரும்ப வழி இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள்.