கணவாயில் மெழுகு கட்டிய டீசல்: வண்டியைக் கிளப்பிய விதம்

உயரமான கணவாயில் இலையுதிர்காலக் காலையில் எஞ்சின் பிடித்து, அரை நிமிடத்தில் இருமி அணைந்தால் பேட்டரியைக் குறை சொல்ல வேண்டாம். செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறதென்றால் கோளாறு பெரும்பாலும் டீசலில்தான். அடிவாரத்தில் நிரப்பிய கோடை டீசலிலுள்ள மெழுகு கடுங்குளிரில் துகளாகப் பிரிந்து ஃபில்டர் தாளை அடைத்துவிடும்.

ஃபில்டரின் அடித்திருகைத் தளர்த்தி, கொஞ்சம் டீசலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பார்த்தேன். மோர்போல் கலங்கல், அடியில் தண்ணீர். தண்ணீர் முழுக்க வடிந்ததும் திருகை மூடி, ஃபில்டரைத் துணியால் சுற்றி, வயர் இணைப்புகளில் படாமல் வெந்நீரை நிதானமாக ஊற்றினேன். ஃபில்டர் கைக்குச் சூடாகத் தெரிந்தபின் கைப்பம்ப் இறுகும்வரை அமுக்கி, எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கும் ஹீட்டர் பிளக்கின் விளக்கு அணைந்ததும் செல்ஃப். ஓடத் தொடங்கியதும் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் விட்டுவைத்தேன். எஞ்சினிலிருந்து டேங்குக்குத் திரும்பும் சூடான டீசல் மற்றதையும் மெல்ல இளக்கும்.

அடுப்புத் தீயைக் கிட்டே கொண்டுபோகவே கூடாது. பெட்ரோல் கலப்பது பழைய வைத்தியம்; புது எஞ்சின்களில் டீசலை உயர் அழுத்தத்தில் தள்ளும் காமன் ரெயில் பம்புக்கு டீசல்தான் மசகு, அது போனால் பம்பும் போகும். மெழுகு தடுக்கும் திரவத்தை டீசல் தெளிவாக இருக்கும்போதே ஊற்ற வேண்டும். கட்டிய மெழுகை அது கரைக்காது. தனியாகப் போகிறவர்கள் மாற்று ஃபில்டர் ஒன்றையும் அதைக் கழற்றும் ஸ்பேனரையும் கையோடு வைத்திருங்கள்.