மழையா, மலையா? மிக்ஸிங்கில் அதிர்வெண் மறைப்பைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

ஆடித் திருவிழாவுக்காகப் பாபநாசம் பக்கத்துக் கிராமத்தினர் கேட்டுக்கொண்டதன் பேரில் ஓர் அம்மன் பாட்டைப் பதிவுசெய்து, கும்பகோணத்தில் வீட்டு மாடியிலுள்ள என் சிறிய அறையில் மிக்ஸ் செய்து, அதாவது தனித்தனியாகப் பதிவான ஒலிகளை ஒன்றாகக் கலந்து, அனுப்பியிருந்தேன். பெண் குரல், நாதஸ்வரம், தவில், கீபோர்டில் வாசித்த பேஸ், தம்பூரா ஆகிய ஐந்தே டிராக்குகள். கோயில் வாசலில் கூம்பு ஒலிபெருக்கியில் அதைப் போட்டுக் கேட்ட விழாக் குழுப் பெரியவர் என்னை அழைத்து, "ஏன் தம்பி, பாட்டுல ஆத்தாகிட்ட நாம மழை கேக்குறமா, மலை கேக்குறமா?" என்றார். பாடியவர் ழகரத்தைத் திருத்தமாகவே உச்சரித்திருந்தார்; குரலைத் தனியே கேட்டால் மழை மழையாகவே இருந்தது. நாதஸ்வரம் சேர்ந்தவுடன்தான் அது மலையாயிற்று.

இப்படி ஓர் ஒலி இன்னொன்றைக் கேட்கவிடாமல் செய்வதையே அதிர்வெண் மறைப்பு என்கிறோம். புதிதாக மிக்ஸ் செய்பவர்கள் இதைப் பெரும்பாலும் சத்தக் குறைவு என்று தவறாக எண்ணி, ஒலியளவைக் கூட்டும் ஃபேடரை ஏற்றுகிறார்கள். நானும் அதையே செய்தேன். குரலில் 2,500 ஹெர்ட்ஸ் அருகே 5 டெசிபல் ஏற்றினேன். குரல் கீச்சிட்டது, நாதஸ்வரம் மங்கியது. நாதஸ்வரத்தை ஏற்றினேன், தவில் பின்வாங்கியது. தவிலையும் ஏற்றிய பிறகு மொத்த ஒலியைக் காட்டும் மாஸ்டர் மீட்டர் அளவு மீறிச் சிவந்துவிட்டது, மழை மட்டும் மலையாகவே இருந்தது.

செய்முறைக்குப் போகுமுன், காதுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சிறிது தெரிந்துகொள்வது நல்லது. உட்செவியில் நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் பகுதிக்குள் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. உயர்ந்த அதிர்வெண்கள் அதன் வாயிலருகிலும், தாழ்ந்தவை உள்நுனியிலும் மிகுதியாக அதிர்வை உண்டாக்குகின்றன. இதை ஆராய்ந்தவர் ஜார்ஜ் வான் பெகெசி. அதற்காக அவருக்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது. சவ்வில் ஒன்றுக்கொன்று அருகில் விழும் இரண்டு ஒலிகளில் சத்தமானது மற்றதை விழுங்கிவிடுகிறது. அந்த 'அருகு' எவ்வளவு அகலம் என்பதைத்தான் ஹார்வி ஃபிளெச்சர் 1940-இல் வரையறுக்க முயன்றார். 200 ஹெர்ட்ஸ் அருகே அது சுமார் 100 ஹெர்ட்ஸ், 1,000 அருகே சுமார் 160, 3,000 அருகே ஏறத்தாழ 500 என்று நினைவில் வைத்துக்கொண்டால் நம் வேலைக்குப் போதும். தாழ்ந்த ஒலியின் அலை உள்நுனிக்குப் போகும் வழியில் உயர்ந்த ஒலிகளின் இடத்தையும் அசைத்துக்கொண்டே போவதால், உரத்த பேஸ் தனக்கு மேலுள்ளவற்றை எளிதில் மறைக்கும்; மேலுள்ளது கீழுள்ளதை மறைப்பது அவ்வளவு எளிதன்று.

நம் இசையில் இந்தச் சிக்கல் கொஞ்சம் கூடுதலாகவே வரும். எல்லா வாத்தியங்களையும் ஒரே சட்ஜம பஞ்சமத்துக்குச் (ஸ, ப) சுருதி சேர்ப்பதால், அடிப்படை அதிர்வெண்களும், அவற்றோடு சேர்ந்தே எழும் உயர்ந்த மேற்சுரங்களும் ஒரே இடங்களில் வந்து குவிகின்றன. தாள வாத்தியமும் இதற்கு விலக்கன்று: மிருதங்கத்தின் வலந்தலையிலுள்ள கரும்பசை அதன் மேற்சுரங்களை முழு எண் மடங்குகளாக ஒழுங்குபடுத்துகிறது என்பதைக் காவிரிக் கரையிலுள்ள திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன் 1920-இலேயே எழுதியிருக்கிறார். கச்சேரியில் இனிமை தரும் அந்த ஒழுங்கே மிக்ஸில் நெரிசலாகிவிடுகிறது.

முதல் படி: மறைப்பது யார் என்று கண்டுபிடியுங்கள்

ஒரு டிராக்கை மட்டும் ஒலிக்கவிடும் சோலோ பொத்தானைத் தொடாதீர்கள். மறைப்பு என்பது இரண்டு ஒலிகளுக்கு இடையில் நடப்பது. ஒன்றைத் தனியே கேட்டால் சிக்கலே காணாமல் போய்விடும். அதற்குப் பதிலாக, ஒரு டிராக்கை மௌனமாக்கும் மியூட் பொத்தானைப் பயன்படுத்துங்கள். பாட்டு முழுவதையும் மோனோவில் (இடம் வலம் பிரிக்காமல் ஒரே ஒலியாக), அடுத்த அறையில் பேசுவது கேட்கும் அளவுக்குக் குறைந்த சத்தத்தில் ஓடவிட்டு, தெளிவில்லாத சொல் வரும் நான்கு வினாடிப் பகுதியைச் சுழற்சியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு டிராக்காக மியூட் செய்து பாருங்கள். எதை மியூட் செய்தவுடன் அந்தச் சொல் எழுந்து வருகிறதோ, அதுவே மறைப்பது. என் பாட்டில் பேஸை மியூட் செய்தபோது குரல் சற்றுத் தெளிந்தது. தம்பூராவை நிறுத்தியபோது பெரிய மாற்றமில்லை. நாதஸ்வரத்தை நிறுத்தியபோது மழை கொட்டியது.

மறைப்பு ஒரே கணத்தில் மட்டும் நடப்பதில்லை. ஓர் உரத்த அடிக்குப் பிறகு 100 மில்லிவினாடிக்கும் மேலாகக்கூடக் காது சற்று மந்தமாக இருக்கும். தவிலின் கனத்த அடியை ஒட்டித் தொடங்கும் எழுத்து தேய்ந்து கேட்பதற்கு இதுவே காரணம். எனவே சொல்லின் மீது விழும் ஒலிகளோடு, அதற்குச் சற்று முன்னே விழுவதையும் கவனியுங்கள்.

இரண்டாம் படி: எந்த இடத்தில் மோதுகின்றன என்று கணக்கிடுங்கள்

ஹெர்ட்ஸ் என்றால் மிரள வேண்டியதில்லை. சுருதியைக் குறிக்கும் கட்டை தெரிந்தவருக்கு ஹெர்ட்ஸும் தெரிந்ததுதான். ஒரு கட்டையில் பாடும் ஆண் குரலின் ஆதார சட்ஜமம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டையில் பாடும் பெண் குரலுக்கு 196. பஞ்சமம் அதன் ஒன்றரை மடங்கு, அதாவது 294. மந்திர பஞ்சமம் அதில் பாதி, 147. சட்ஜமத்தின் மேற்சுரங்கள் 392, 588, 784, 980 என்று 196-இன் மடங்குகளாக ஏறிக்கொண்டே போகும். இந்த எண்களை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவைத்துக்கொண்டால், பாதி மோதல்களைக் கருவி இல்லாமலேயே ஊகித்துவிடலாம்.

மீதிக்கு, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று திரையில் காட்டும் ஒரு ஸ்பெக்ட்ரம் அனலைசர் வேண்டும். வாக்ஸெங்கோ நிறுவனத்தின் ஸ்பான் இலவசமாகவே கிடைக்கிறது. அதைக் குரலில் ஒன்றும் நாதஸ்வரத்தில் ஒன்றுமாகப் போட்டு, இரண்டிலும் ஒருசேர மேடு எழும் இடங்களைப் பாருங்கள். எனக்கு 2,400 ஹெர்ட்ஸ் அருகே நாதஸ்வரம் குன்றுபோல் நின்றது. ழகரத்தையும் லகரத்தையும் பிரித்தறியக் காதுக்கு உதவும் அடையாளங்கள் ஏறத்தாழ 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில்தான் இருக்கின்றன. பெரியவரின் கேள்விக்கு விடை அந்தக் குன்றில் இருந்தது. ஆயினும் திரையில் தெரியும் மோதல் ஒவ்வொன்றையும் தீர்க்கப் புறப்படாதீர்கள். காதுக்குத் தொந்தரவு தராத மோதல் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

மூன்றாம் படி: யார் விலக வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

கடைமடைக்குத் தண்ணீர் ஏறவில்லையென்றால் ஆற்றில் கூடுதலாகத் திறக்கச் சொல்லி மனுக் கொடுப்பது ஒரு வழி. மேல்மடையின் பலகையை ஒரு கை இறக்கிவைப்பது இன்னொரு வழி. மிக்ஸிங்கில் இரண்டாவதுதான் எப்போதும் முதலில் செய்ய வேண்டியது. மறைந்ததை ஏற்றுவதைவிட மறைப்பதைக் குறைப்பது நல்லது. எதைக் குறைப்பது என்பது பாட்டைப் பொறுத்தது: சரணத்தில் சொல் முக்கியம், இடையிசையில் நாதஸ்வரம் முக்கியம். ஆகவே பகுதிவாரியாக ஒரு வரிசையை எழுதிக்கொள்ளுங்கள்.

அதிர்வெண் வாரியாக ஒலியை ஏற்றி இறக்கும் ஈக்யூவைத் திறக்குமுன் இசையமைப்பையே மாற்ற முடியுமா என்று பாருங்கள். நாதஸ்வரம் வீதியில் ஒலிவாங்கியே இல்லாமல் ஊர் கேட்க வாசிப்பதற்காக உருவான வாத்தியம். நரசிங்கம்பேட்டை ஆச்சாமரக் குழலும் திருவாவடுதுறைச் சீவாளியும் (ஊதுமுனை) சேர்ந்து எழுப்பும் அந்தக் கூர்மையை ஓர் இளம் பாடகியின் குரலோடு ஒரே வரியில் ஓடவிட்டது என் பிழை. நம் மரபில் அவை இரண்டும் அப்படி இணைந்து இசைப்பது அரிது. பல்லவியில் குரலோடு ஓடிய நாதஸ்வரத் துண்டுகளை வெட்டி, வரி முடியும் இடங்களில் பதில் சொல்வதுபோல் வைத்தேன். சிக்கலில் பாதி அங்கேயே தீர்ந்தது. மென்பொருளில் சேர்க்கும் எந்தப் பிளக்இன்னும் இதற்கு ஈடாகாது.

நான்காம் படி: வேண்டாத அடிப்பகுதியை நீக்குங்கள்

ஒவ்வொரு டிராக்கிலும் அந்த வாத்தியத்தின் மிகத் தாழ்ந்த சுரத்துக்குக் கீழே இருப்பவை மின்விசிறி, தெருவில் போகும் பேருந்து, மைக் ஸ்டாண்டில் கால் பட்ட இடி போன்றவையே. ஐந்து கட்டைக் குரல் மந்திர பஞ்சமத்துக்குக் கீழே இறங்கவில்லையென்றால், 147-க்குச் சற்றுக் கீழே 110 ஹெர்ட்ஸில், அதற்குக் கீழுள்ளதை வெட்டும் ஹை பாஸ் ஃபில்டரை வைக்கலாம். தம்பூராவில் துணிந்து 200 வரைகூடப் போகலாம். அடிப்படை அதிர்வெண்ணை வெட்டினாலும் மேற்சுரங்களைக் கொண்டே காது சுருதியை உணர்ந்துகொள்ளும். தவிலிலும் பேஸிலும் மட்டும் கைவைக்குமுன் யோசியுங்கள்.

ஐந்தாம் படி: மோதும் இடத்தில் மட்டும் குறையுங்கள்

ரீப்பர் என்னும் ஒலிப்பதிவு மென்பொருளிலுள்ள ரியாஈக்யூ என்னும் ஈக்யூவை நாதஸ்வரத்தில் திறந்து, ஒரு பேண்டை (அதிர்வெண் பட்டையை) 6 டெசிபல் ஏற்றி, 1,500-இலிருந்து 3,500 வரை மெதுவாக நகர்த்துங்கள். அப்போது நாதஸ்வரத்தைக் கேட்காமல் குரலைக் கேளுங்கள். எந்த இடத்தில் சொல் அடியோடு அழிகிறதோ அங்கே நிறுத்துங்கள். இப்போது அந்த ஏற்றத்தை 3 டெசிபல் இறக்கமாக மாற்றுங்கள். அகலம் ஏறத்தாழ ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) இருக்கட்டும். ஊசிபோல் குறுகிய வெட்டு வாத்தியத்தின் நிறத்தைக் கெடுக்கும். குரலைக் காப்பாற்றவும் செய்யாது. 2,400-இல் 3.5 டெசிபல் குறைத்ததும் எனக்கு ழகரம் திரும்பிவிட்டது.

இந்தக் குறைப்பு பாட்டு முழுவதும் இருந்தால் இடையிசையில் நாதஸ்வரம் சளி பிடித்ததுபோல் ஒலிக்கும். குரல் இல்லாத இடங்களில் குறைப்பு நீங்கிவிடும்படி ஆட்டோமேஷன் (நேரத்துக்கேற்பத் தானாக மாறும் அமைப்பு) எழுதுங்கள், அல்லது குரல் வரும்போது மட்டும் இயங்கும் டைனமிக் ஈக்யூவைப் பயன்படுத்துங்கள். தொடக்கநிலையினருக்கு ஆட்டோமேஷனே சிறந்தது என்பது என் எண்ணம். எங்கே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். மாற்றத்தை ஒப்பிடும்போது ஈக்யூவுக்கு முன்னும் பின்னும் சத்தம் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் சற்று உரத்தது எதுவோ அதுவே நல்லது என்று காது எப்போதும் ஏமாறும்.

ஆறாம் படி: தவிலும் பேஸும்

இங்கே ஈக்யூ மட்டும் போதாது. இரண்டும் ஒரே அடிப்பகுதியில் வாழ்பவை. தவில் அடிக்கும் கணத்தில் பேஸ் சற்றுத் தாழ்ந்து மீண்டும் எழும்படி சைட்செயின் கம்ப்ரஷன் செய்ய வேண்டும். தவில் டிராக்கிலிருந்து பேஸ் டிராக்கின் 3, 4 சானல்களுக்கு ஒரு சென்ட் அனுப்பி, பேஸில் ரீப்பரின் கம்ப்ரஸரான ரியாகாம்ப்பைத் திறந்து, டிடெக்டர் இன்புட்டை ஆக்ஸிலரி என்று மாற்றுங்கள். அமுக்கும் விகிதம் 3:1, அமுக்கம் பற்றிக்கொள்ளும் நேரமான அட்டாக் 5 மில்லிவினாடி, பேஸ் 3 டெசிபல் அளவுக்குத் தாழுமாறு த்ரெஷோல்ட் (அமுக்கம் தொடங்கும் ஒலியளவு).

அமுக்கம் விலகும் நேரமான ரிலீஸில்தான் பலர் தவறுகிறார்கள். மேற்கத்திய டிரம்ஸுக்குச் சொல்லப்படும் 150 அல்லது 200 மில்லிவினாடி தவிலுக்குப் பொருந்தாது. நிமிடத்துக்கு 80 அட்சரம் (தாள எண்ணிக்கை) ஓடும் பாட்டில் தவில்காரர் ஓர் அட்சரத்துக்கு எட்டு அடி வாசித்தால், ஒவ்வொன்றுக்கும் இடைவெளி 94 மில்லிவினாடிதான். ரிலீஸ் அதைவிட நீண்டால் பேஸ் எழவே நேரமிராது. முத்தாய்ப்பு முழுவதும் அது அமுங்கியே கிடக்கும். நான் 60-இல் வைத்தேன்.

ஏழாம் படி: பேன் செய்த பிறகு மோனோவுக்குத் திரும்புங்கள்

நாதஸ்வரத்தைச் சற்று வலப்புறமும் தம்பூராவை இருபுறமுமாகப் பேன் செய்து பரப்பினால் ஹெட்ஃபோனில் எல்லாம் பளிச்சென்று பிரிந்து கேட்கும். அதைக் கண்டு வேலை முடிந்ததென்று மகிழ்ந்துவிடாதீர்கள். பேனால் தீர்ந்த மறைப்பு மோனோவில் அப்படியே திரும்பி வரும். நம் ஊர்த் திருவிழாவில் பந்தலிலும் மரக்கிளையிலும் கட்டும் கூம்பு ஒலிபெருக்கிகள் எல்லாம் மோனோதான். அதோடு அவற்றில் அடிப்பகுதி ஏறக்குறைய இல்லை. எல்லா வாத்தியங்களும் நடுப்பகுதியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். எனவே மாஸ்டரில் தற்காலிகமாக 400 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 5,000-க்கு மேலேயும் வெட்டி, மோனோவில் ஒரு முறை கேளுங்கள். சொற்கள் அங்கே புரிந்தால் கோயில் வாசலிலும் புரியும். கேட்ட பிறகு அந்த ஃபில்டர்களை எடுத்துவிட மறவாதீர்கள். நான் ஒரு முறை மறந்து, தகரடப்பாவுக்குள் பாடியதுபோன்ற பாட்டை, பதிவுசெய்யச் சொன்னவரிடம் கொடுத்துவிட்டேன்.

திருத்திய மிக்ஸைப் பெரியவருக்கு அனுப்பினேன். மழை தெளிவாகக் கேட்கிறது, ஆனால் தவில் கொஞ்சம் அடங்கிவிட்டதே என்றார். அதை மட்டும் 1 டெசிபல் ஏற்றி, பல்லவியில் மழை மழையாகவே இருக்கிறதா என்று மோனோவில் மறுபடி கேட்டுவிட்டு அனுப்பிவைத்தேன்.