லைவ் ராக்கை உயிர் போகாமல் சுத்தம் செய்வது எப்படி?

கடல்மீன் தொட்டியில் வைக்கும் லைவ் ராக் வெறும் சுண்ணாம்புக் கல்தான். அதன் நுண்துளைகளில் குடியிருக்கும் பாக்டீரியாதான் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக மாற்றுகிறது. உப்புநீர்த் தொட்டியின் உண்மையான ஃபில்டர் இதுதான். அதனால் கல்லில் அழுக்கு சேர்ந்துவிட்டது என்று குழாயடியில் வைத்துத் தேய்த்துவிடாதீர்கள். நல்ல தண்ணீர் பட்டால் உள்ளே இருக்கும் புழு, பூச்சிகள் செத்து அழுகும். கல்லைத் திரும்ப வைத்ததும் அம்மோனியா ஏறி மீன்கள் சாகும்.

முந்தைய நாளே உப்புநீரைக் கலந்து வையுங்கள். ஆர்ஓ தண்ணீர் லிட்டருக்கு ஏறக்குறைய 35 முதல் 40 கிராம் மரைன் சால்ட் பிடிக்கும். சமையல் உப்பு வேண்டாம். உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 1.025 வர வேண்டும், வெப்பம் 25-26 டிகிரி செல்சியஸ். இரண்டு பக்கெட், மூடியுள்ள பெரிய டப் ஒன்று, ஹீட்டர், பவர்ஹெட் (தண்ணீரைச் சுழற்றும் சிறு பம்ப்), பழைய டூத்பிரஷ், அம்மோனியா, நைட்ரைட் டெஸ்ட் கிட் ஆகியவற்றையும் எடுத்து வையுங்கள்.

கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கல்லில் ஒட்டியிருக்கும் ஜோவாந்திட் என்ற பட்டன் பவளங்கள் சிலவற்றில் பேலிடாக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு. கல்லைக் கொதிக்க வைத்தாலோ, வெந்நீர் ஊற்றினாலோ அது ஆவியோடு காற்றில் கலந்து வீட்டில் இருப்பவர்கள் எல்லோரையும் படுக்க வைத்துவிடும். பவளம் காய்ந்துவிட்டதே என்று நம்பியும் செய்யாதீர்கள்.

இனி கல்லுக்கு வருவோம். கலந்து வைத்த உப்புநீரை இரண்டு பக்கெட்டிலும் ஊற்றி, முதல் பக்கெட்டில் கல்லை முக்கி, நன்றாக அலசுங்கள். குழிகளில் தேங்கிய சேறு பழுப்பாகக் கிளம்பி வரும். முடிப் பாசியைக் கையால் அடியோடு பிய்த்தெடுத்து, மிச்சத்தைப் பிரஷால் தேயுங்கள். பளிச்சென்று ஆகும்வரை தேய்க்க வேண்டியதில்லை. ஊதா நிறப் படலம் கோரலைன் பாசி, அது இருக்கட்டும். ஏப்டேசியா என்ற சிறு பழுப்பு அனிமோனை (பூப்போல ஒட்டி வளரும் கடலுயிர்) சுரண்டவே வேண்டாம், துணுக்கு ஒவ்வொன்றும் தனி அனிமோனாக வளர்ந்துவிடும். அது ஒட்டிய ஓரத்தைக் கல்லோடு உடைத்து எடுப்பதே நல்லது. இரண்டாவது பக்கெட்டில் இன்னொரு முறை அலசி, மூக்கருகே பிடித்துப் பாருங்கள். நல்ல கல்லில் கடற்கரை வாசம் அடிக்கும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் எங்கோ செத்த கடற்பஞ்சு (ஸ்பாஞ்ச்) கொழகொழவென்று ஒட்டியிருக்கிறது. தேடிச் சுரண்டி எடுங்கள்.

இவ்வளவும் ஒரு மணி நேர வேலை. பொறுமை தேவைப்படுவது இனிமேல்தான். கல்லை உப்புநீர் நிரப்பிய டப்பில் போட்டு, ஹீட்டரும் பவர்ஹெட்டும் ஓடவிட்டு மூடிவிடுங்கள். வெளிச்சம் பட்டால் பாசி மறுபடி கிளம்பும். இரண்டு நாளைக்கு ஒருமுறை அம்மோனியா பாருங்கள். 1 பிபிஎம் தாண்டினால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். விட்டுவிட்டால் பிழைத்திருக்கும் உயிர்களும் சாகும், அழுகல் இன்னும் கூடும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் ஒரு வாரம் தொடர்ந்து சுழியமாக இருந்தால்தான் கல் தயார். சாதாரணமாக 3 முதல் 6 வாரம் பிடிக்கும். தேதியை நம்பாதீர்கள், டெஸ்ட் கிட்டை நம்புங்கள்.

உயிரெல்லாம் போய், பாசிக்குத் தீனியாகும் பாஸ்பேட் உள்ளே ஊறிப்போன பழைய கல் என்றால் வழி வேறு. பவளம் எதுவும் ஒட்டியிருக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, வாசனை சேர்க்காத பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு கலந்து, திறந்த வெளியில் 24 முதல் 48 மணி நேரம் ஊற வையுங்கள். பிளீச்சோடு வினிகரோ ஆசிடோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், ஒருபோதும் கலக்காதீர்கள். பிறகு நன்றாகக் கழுவி, குளோரினை நீக்கும் டீகுளோரினேட்டர் கலந்த தண்ணீரில் பிளீச் வாடை அடியோடு போகும்வரை ஊறவிட்டு, வெயிலில் முழுக்கக் காயவிடுங்கள். கடைசியாக ஆர்ஓ தண்ணீரில் ஒரு வாரம் போட்டுப் பாஸ்பேட் பாருங்கள். ஏறியிருந்தால் தண்ணீரை மாற்றி மறுபடி ஊறவிடுங்கள். இந்தக் கல்லில் பாக்டீரியா துளியும் மிஞ்சியிருக்காது, அதனால் புதுத் தொட்டி போலவே முதலிலிருந்து சைக்கிள் செய்துவிட்டுத்தான், அதாவது பாக்டீரியாவை வளரவிட்டுத்தான், மீன் விட வேண்டும்.