டிராக்டர் கூரையின் ஆட்டம் நின்றது இப்படித்தான்

பணகுடிப் பக்கத்து ஆடிக் காற்றில், மினி டிராக்டருக்கு நானே செய்த கழற்றும் கூரை கடகடவென ஆடி, முன்கால் நட்டு தினமும் கழன்றது. ஸ்பிரிங் வாஷர், இரட்டை நட்டு, தார்ப்பாயை இறுக்கிக் கட்டியது எதுவும் எடுபடவில்லை.

அப்புறம் காற்றே இல்லாத விடியற்காலையில் இன்ஜினை மட்டும் ஓடவிட்டுத் தொட்டுப் பார்த்தேன். பின்கால் அசையவில்லை, முன்கால் நடுங்கியது. முன்கால் நின்றது மட்கார்டுத் தகட்டில், பின்கால் ரோல்பாரில், அதாவது இருக்கையை ஒட்டி நிற்கும் இரும்புப் பாதுகாப்புச் சட்டத்தில். இரண்டும் வேறுவேறாக அதிர்ந்தால் நட்டு என்ன செய்யும்?

முன்காலை எடுத்துவிட்டு, சாய்வுக் கம்பி கொடுத்து, முழுக் கூரையையும் ரோல்பாரிலேயே யூ கிளாம்பால் பிடித்தேன். உள்ளே பழைய சைக்கிள் டியூப் துண்டு. தார்ப்பாய் நடுவே காற்று வெளியேற இடைவெளி. ஆட்டம் போயே போச்சு. ரோல்பாரில் துளை மட்டும் போடாதீர்கள். வண்டி கவிழ்ந்தால் உயிரைக் காப்பது அதன் வலுதான்.